முதன்மைத் தங்குநர் எதிர்பார்க்கப்படுகிறார்

எங்கள் மாநிலத்தில் ஜூலை மாதம் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு உட்கார வேண்டுமென்றால், அந்த ஆசை முந்தைய ஆகஸ்டிலேயே வந்துவிட வேண்டும். பதினொரு மாதம் முன்னால், சரியாகக் காலை எட்டு மணிக்கு, பூங்காத் துறையின் இணையதளம் திறக்கும். எட்டு மணி ஒரு நிமிடத்துக்குள் நல்ல இடமெல்லாம் தீர்ந்துவிடும். கூடாரம் எத்தனை அடி, வண்டி எத்தனை அடி, நாய் உண்டா, நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று பதினேழு கேள்வி கேட்பார்கள். அதுவரை உயிரோடு இருப்பீர்களா என்று மட்டும் கேட்பதில்லை.

என் மனைவி லவோன் இந்த எட்டு மணி விளையாட்டில் கெட்டிக்காரி. அன்றைக்கு நைட்டியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவாள். முன்னால் கணினி, கையில் போன், பக்கத்தில் மணி சரிபார்க்க வானொலி. அடுப்புக்கு மேலே இருக்கும் கடிகாரத்தை அவள் நம்ப மாட்டாள். "மூச்சு விடாத ஆர்லின், கை நடுங்குது" என்பாள். போன ஆகஸ்டில் எட்டு மணி நாலாவது நொடியில் "முப்பத்தி நாலு நம்மளுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் காப்பியைக் கொட்டினேன். மூன்று துடுப்பு ஏரி மாநிலப் பூங்காவில் முப்பத்தி நான்காம் எண் இடம் என்பது தண்ணீரிலிருந்து பதினெட்டு அடி. கழிவறை தொலைவு. அதனால் கழிவறைக்குப் போகிறவர்கள் நம் இடத்தின் வழியே நடக்க மாட்டார்கள். இதெல்லாம் லவோனின் ஆராய்ச்சி.

மார்ச் ஒன்பதாம் தேதி லவோன் இறந்துபோனாள். இதயம். துணி துவைக்கும் அறையில். நான் வெளியே பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஜூலை பதினெட்டு, மூன்று இரவு, முப்பத்தி நாலு என்று எழுதி அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். அவள் எனக்காகச் செய்துவைத்த ஏற்பாடுகளில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அந்த மூன்று இரவையும் அங்கே இருந்து கழித்துவிட வேண்டும் என்பதைத் தவிர இந்தக் கோடையில் எனக்கு வேறு ஆசை இல்லை. கூடாரத்தையும் விறகையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பூங்கா வாசலில் ஒரு கூண்டு. அதற்குள் அகலத் தொப்பி வைத்த ரேஞ்சர் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். சட்டையில் டானெட் என்று பெயர் குத்தியிருந்தது.

"பேரு சொல்லுங்க சார்."

"ஹோவ்லன்ட்."

"லவோன் ஹோவ்லன்ட்?"

"அது என் மனைவி."

அவள் குனிந்து வண்டிக்குள் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் ரொட்டிப் பை இருந்தது.

"அவங்க எங்க?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கெட்ட செய்தியைக் கொண்டுபோய் அடுத்தவர் மேல் இறக்கக் கூச்சப்படுவோம். என் பெரியப்பாவின் இரண்டு விரல்கள் மரம் அறுக்கும் மில்லில் போனபோது, மருத்துவர் வீட்டு வாசலில் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நின்று, "சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? அப்ப அப்புறமா வரேன்" என்றாராம். எனக்குப் பின்னால் நான்கு வண்டிகள் நின்றன. ஒன்றில் குழந்தை அழுதது. இன்னொன்றின் ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார். எங்கள் ஊரில் அது வசவு மாதிரி. இந்த நிலைமையில் ஒரு சாவை எடுத்து அந்தச் சின்ன ஜன்னலில் எப்படி வைப்பது?

"இந்தத் தடவை அவளால வர முடியல" என்றேன்.

"இன்னைக்கு வர முடியலையா, வரவே முடியலையா?"

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஐந்தாவது வண்டியும் வந்திருந்தது.

"இன்னைக்கு" என்றேன்.

"அப்போ தாமத வருகை." டானெட் கணினியில் தட்டினாள். "சார், பதிவு அவங்க பேர்ல இருக்கு. அவங்கதான் முதன்மைத் தங்குநர். நீங்க உடன் தங்குநர். முதன்மை இல்லாம உடன் மட்டும் தங்க முடியாது. உடன்னா யார் கூடங்கிற கேள்வி வரும்ல?"

"வரும்" என்றேன். நான்கு மாதமாக வீட்டில் எனக்கு வந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

"நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இல்லேன்னா வராதவர்னு மெஷினே குத்திடும். நான் நெனச்சாலும் தடுக்க முடியாது. உங்க இடத்துக்கு நாப்பத்தோரு பேர் காத்திருக்காங்க."

மஞ்சள் அட்டை ஒன்றைக் கொடுத்தாள். இடத்தின் முன்னால் இருக்கும் கம்பத்தில் அதைச் செருக வேண்டும். கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: முதன்மைத் தங்குநர் எதிர்பார்க்கப்படுகிறார்.

வரிசை குறைந்ததும் திரும்பி வந்து விஷயத்தை மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஜூலை மாதத்தில், வெள்ளிக்கிழமையில், அந்த வரிசை குறையாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அட்டையைக் கம்பத்தில் செருகிவிட்டு, கூடாரத்தை அடித்து முடித்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச்சுக்குப் பிறகு யாரும் லவோனைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் எழுதவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அரைமணியில் ஒரு பேட்டரி வண்டி வந்து நின்றது. ஆரஞ்சுச் சட்டை போட்ட பெண்மணி, என் வயதுக்காரி, இறங்கினாள். பெயர் ஜெனீவா. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடம் வரிசையை ஒழுங்குபடுத்தி ஓய்வு பெற்றவள். இப்போது கோடை முழுவதும் பூங்காவிலேயே வண்டிவீட்டில் தங்கித் தொண்டு செய்கிறாள். துறை அவளுக்குக் கொடுத்திருக்கும் பதவி 'முகாம் விருந்தோம்புநர்'. விருந்து ஒன்றும் கையில் இல்லை. அளவு நாடா இருந்தது.

"உக்காருங்க உக்காருங்க, எழுந்திருக்காதீங்க. நான் என் வேலையைப் பாத்துட்டுப் போயிடுறேன்" என்று கூடாரத்துக்கும் நெருப்பு மூட்டும் இரும்பு வளையத்துக்கும் நடுவே நாடாவை இழுத்தாள். "பதினாலு அடி ஒன்பது அங்குலம். பதினஞ்சு இருக்கணும்."

"மூணு அங்குலம்தானே."

"எல்லாரும் மூணு அங்குலம்னு ஆரம்பிச்சா ஏரி எங்க போகும்னு யோசிச்சீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூடாரத்தைப் பிடுங்கி மூன்று அங்குலம் தள்ளி அடித்தேன். அதற்குள் அவள் என் விறகைப் பார்த்துவிட்டாள்.

"இது எங்க வெட்டினது?"

"எங்க வீட்டுக் கொல்லையில. காத்துல விழுந்த மரம்."

"எத்தனை மைல்?"

"அறுபத்திரண்டு."

"அம்பதுக்கு மேல வந்தா அது அந்நிய விறகு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "பூச்சி வரும். ஒரு பூச்சி போதும், காடே போயிடும்." விறகை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, முத்திரை வைத்தாள். அதற்குப் பதில், துறை அங்கீகரித்த விறகுக் கட்டு ஒன்றை இறக்கினாள். பிளாஸ்டிக் உறையில் சீட்டு ஒட்டியிருந்தது. எடுத்துப் படித்தேன். வெட்டிய ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர் பெயர் போட்டிருந்தது.

"இது எங்க ஊர் விறகு" என்றேன்.

"ஆனா சீட்டு இருக்குல்ல" என்றாள் ஜெனீவா. அவள் சொன்னதில் கோபமோ கேலியோ இல்லை. நம்பித்தான் சொன்னாள்.

பிறகு அவள் கண் நாற்காலிகள் மேல் போனது. இரண்டு இருந்தன. ஒன்றில் நான். எப்படி இரண்டாவதை எடுத்து விரித்தேன் என்று எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடம் இந்த இடத்தில் இறங்கியதும் கை செய்த வேலையை அன்றும் செய்திருந்தது.

"ஆள் ஒண்ணு, நாற்காலி ரெண்டு. இருபத்தி நாலு மணி நேரம் யாரும் உக்காராத பொருள் கைவிடப்பட்ட பொருள். எடுத்துட்டுப் போயிடுவோம்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் அட்டையைப் படித்தாள். முகமே மாறிவிட்டது. "அட, உங்க வீட்டுக்காரம்மா நாளைக்கு வர்றாங்களா? அப்ப சரி, அப்ப சரி. பேரு என்ன?"

"லவோன். நான் ஆர்லின்."

"ருபார்ப் பிடிக்குமா லவோனுக்கு?"

"உயிர்" என்றேன்.

சாயங்காலம் ஒரு தட்டு நிறைய, ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மேலே தாளில், லவோனுக்கு, நல்வரவு, ஆர்லின் தொடக்கூடாது என்று எழுதியிருந்தது. நான் தொடவில்லை. அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே சோளமும் சாசேஜும் சுட்டுத் தின்றேன். பக்கத்து இடங்களில் எல்லாம் ஆறு பேர், எட்டுப் பேர். சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் தன் புருஷனைப் பெயர் சொல்லித் திட்டினாள். கேட்கவே ஆசையாக இருந்தது.

ஆறரை மணிக்கு, வெயில் இன்னும் ஏரி மேலேயே நிற்கும்போது, பலகைப் பெஞ்சுகள் போட்ட திடலில் பூங்காவின் கண்காணிப்பாளர் ராய்ஸ் டிட்மர் பேசினார். எல்லா வெள்ளிக்கிழமையும் பேசுவார். வராவிட்டாலும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஆனால் வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார். "இந்த ஏரி பத்தாயிரம் வருஷமா இங்க இருக்கு. பனிக்கட்டி உருகிச்சு, தண்ணி தேங்கிச்சு, மீன் வந்துச்சு. எல்லாமே அனுமதி இல்லாம! யாருக்கும் பொறுப்பு கிடையாது. எந்த மரம் எந்த எண்னு கேட்டா சொல்ல ஆள் இல்ல. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம துறை வந்த பிறகுதான் இது ஏரின்னு ஆச்சு. அதுவரைக்கும் அது வெறும் தண்ணி."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பெயர் குறிக்கிறார்களே.

"என்கிட்ட கேக்குறாங்க, ராய்ஸ், இயற்கைக்குப் பெரிய ஆபத்து எது? தீயா, புயலா, பூச்சியான்னு. நான் மறைக்க மாட்டேன். ஆபத்து நீங்கதான். இங்க வர்ற மக்கள்தான். ஆனா நாங்க உங்களை வெறுக்குறோமா? இல்ல. பதிவு பண்றோம். பதிவு பண்ணின மனுஷன் பாதி மரம் மாதிரி, ஒரு இடத்துல நிப்பான். நான் இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். ஒரு நாள்கூட இந்தத் தண்ணில கால் நனைச்சதில்ல. ஏன்? நீச்சல் வேற பிரிவு. மத்தவங்க பிரிவுல நான் தலையிட மாட்டேன்."

கடைசியில் அறிவிப்பு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வழிகாட்டியுடன் கூடிய தனிமை நடை. குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் தனிமை ரத்து. நானும் பெயர் கொடுத்தேன். அவரைத் தனியே பிடித்து விஷயத்தைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம் என்று பட்டது.

காலையில் போனால் என்னையும் சேர்த்து ஏழு பேர்தான். தாளை வைத்துக்கொண்டு ராய்ஸ் டிட்மரே எண்ணினார். பிறகு பேனாவால் தட்டினார்.

"ஹோவ்லன்ட், முப்பத்தி நாலாம் எண். ரெண்டு பேர். ஆக எட்டு. கிளம்பலாம்."

"சார், அவ இல்ல" என்றேன்.

"எதிர்பார்க்கப்படுறாங்க இல்ல?"

"அது வந்து... அதப்பத்தித்தான் உங்ககிட்ட..."

"பட்டியல்ல இருக்காங்க சார். ஆள் வருவாங்க, போவாங்க. பட்டியல்தான் நிக்கும்." மற்ற ஆறு பேரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்க வீட்டம்மாவுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க, அவங்க புண்ணியத்துல நடக்குது" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஆறு பேரின் தனிமையைக் கெடுக்கிறவனாக நான் ஆகியிருப்பேன்.

ஒருவர் பின் ஒருவராகப் பத்தடி இடைவெளி விட்டு நடக்க வேண்டும். "எட்டாவது ஆளுக்கு இடம் விட்டு வாங்க" என்றார் ராய்ஸ் டிட்மர், எனக்குப் பின்னால் வந்தவரிடம். அவரும் மரியாதையாக இருபதடி தள்ளியே வந்தார். பைன் மரங்களுக்கு நடுவே, எனக்குப் பின்னால் அந்த வெற்று இடமும் கூடவே வந்தது. நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க தைரியம் வரவில்லை. நான்காம் கம்பத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு பலகை, இங்கே நீங்கள் தனிமையை உணரலாம் என்றது. விசில் அடித்தார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி விசில்.

"உணர்ந்தாச்சா?"

"ஆச்சு" என்றார்கள் மற்றவர்கள். எனக்கு அது விசிலுக்கு முன்னாலேயே ஆரம்பித்திருந்தது, விசிலுக்கு நிற்கவும் இல்லை.

இரண்டு மணி இருபதுக்கு மூன்று பேரும் என் இடத்துக்கு வந்தார்கள். முன்னால் கண்காணிப்பாளர், கையில் கையேடு. பின்னால் டானெட், கையில் பலகைக் கணினி. கடைசியில் ஜெனீவா, கையில் இன்னொரு தட்டு.

"மிஸ்டர் ஹோவ்லன்ட், நாற்பது நிமிஷம்தான் இருக்கு" என்றார் ராய்ஸ் டிட்மர். "நம்ம பூங்கால வராதவர் ஆகுறது ஒரு குடும்பத்துக்கு நல்ல பேர் இல்ல. உங்களுக்கு உதவணும்னுதான் நானே வந்திருக்கேன். அவங்க எங்க வந்துட்டு இருக்காங்க?"

"சார், நான் சொல்லணும்..."

"நீங்க கஷ்டப்படாதீங்க. நானே கேட்டுடறேன்." பதிவுத் தாளில் இருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தி, எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியையும் போட்டார்.

என் கூடாரத்துக்குள்ளிருந்து அக்கார்டியன் இசை கிளம்பியது.

லவோனின் போன் என் தலையணைக்குள் இருந்தது. ஏன் அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், ஏன் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம். நான்கு பேரும் கூடாரத்தையே பார்த்தோம். முதலில் வாய் திறந்தது ஜெனீவாதான்.

"ஐயோ, வந்துட்டாங்க! உள்ளயேதான் இருக்காங்க! என்னங்க நீங்க, சொல்லவே இல்ல?" தட்டோடு கூடார வாசலுக்கு ஓடினாள். "லவோன்? நான் ஜெனீவா. பயணக் களைப்பா? தூங்குறீங்களா? எழுந்திருங்கம்மா, ஒரு கையெழுத்து போட்டுட்டு அப்புறம் தூங்கலாம்."

நான்கு தடவை அடித்து இசை நின்றது. கண்காணிப்பாளரின் கையிலிருந்து லவோன் பேசினாள்.

"ஹாய், லவோன் பேசுறேன். இப்ப போனை எடுக்க முடியல. ஆர்லின்கிட்ட சொல்லி வெக்காதீங்க, அவன் மறந்துடுவான். இங்கயே சொல்லிடுங்க."

பிறகு ஒரு பீப் சத்தம். ராய்ஸ் டிட்மர் ஒரு பீப்பை வீணாக்குகிற மனிதர் அல்ல. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"திருமதி ஹோவ்லன்ட், நான் மூன்று துடுப்பு ஏரி மாநிலப் பூங்காவின் கண்காணிப்பாளர் பேசுறேன். உங்க கணவர் நேத்துலேர்ந்து உங்களுக்காகக் காத்துட்டு இருக்கார். நாங்களும்தான். நீங்க எங்க இருந்தாலும் சரி, எவ்வளவு தூரமா இருந்தாலும் சரி, உங்களுக்கு எந்த இடைஞ்சல் இருந்தாலும் சரி, மூணு மணிக்குள்ள நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு துறை சார்பா கேட்டுக்குறேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் அம்மா. இதுவரைக்கும் நான் யாருக்கும் விலக்கு குடுத்ததில்ல..."

"அவ செத்துட்டா" என்றேன்.

அவர் போனைக் கீழே இறக்காமல் என்னைப் பார்த்தார்.

"மார்ச் ஒன்பதாம் தேதி. செத்துட்டா சார். உள்ள யாரும் இல்ல."

இவ்வளவு பச்சையாக அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொந்த அண்ணனுக்கே, லவோனுக்கு ரொம்ப முடியலை என்றுதான் சொன்னேன். அவன் புரிந்துகொண்டான். இங்கே அப்படிப் புரிந்துகொள்ள ஆளில்லாததால் முழு வார்த்தையும் வெளியே வந்துவிட்டது. ஜெனீவா கூடாரத்தின் ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். தட்டைக் கீழே வைக்க இடம் தேடி, வைக்காமலேயே நின்றாள்.

"ஏன் சார் வாசல்லயே சொல்லல?" என்றார் கண்காணிப்பாளர்.

"பின்னாடி அஞ்சு வண்டி நின்னுச்சு."

டானெட் தொப்பியைக் கழற்றினாள். "ஆமா" என்றாள், அவரிடம். "நேத்து நின்னுச்சு." அவளும் எங்கள் பக்கத்து ஆள்தான் போல.

ராய்ஸ் டிட்மர் கெட்டவர் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதுபோல் கையேட்டைப் புரட்டினார். "இருக்கு, இதுக்கும் இடம் இருக்கு. அத்தியாயம் பதினொண்ணு. முதன்மைத் தங்குநரின் மறைவு. முதன்மைத் தங்குநர் மறைந்தால், பதினாலு நாளுக்குள்ள அவரே தன் சொந்தக் கணக்கிலிருந்து துறைக்குத் தெரிவிக்க வேண்டும்."

"அவரேவா?" என்றாள் டானெட். "அச்சுப் பிழையா இருக்கும் சார்."

"இருபத்தாறு வருஷமா இப்படித்தான் இருக்கு. பிழைன்னா யாராவது வந்து சொல்லியிருக்க மாட்டாங்களா?"



டானெட்தான் வழி கண்டுபிடித்தாள். பலகைக் கணினியில் இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். "மிஸ்டர் ஹோவ்லன்ட், கேளுங்க. இப்ப ஒண்ணு பண்ணலாம். பதிவுலேர்ந்து அவங்க பேரை எடுத்துட்டா அடுத்து நீங்க தானா முதன்மை ஆயிடுவீங்க. மூணு நாளும் இருக்கலாம். கேள்வி அவங்க போனுக்கு வரும். அதுல ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான்."

"அருமை" என்றார் கண்காணிப்பாளர். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "பாத்தீங்களா, துறை யாரையும் கைவிடாது. மனுஷங்களுக்காகத்தான் விதி."

கூடாரத்துக்குள் போய்த் தலையணைக்குள் கைவிட்டுப் போனை எடுத்து வந்தேன். திரையில் கேள்வி வந்திருந்தது.

லவோன் ஹோவ்லன்டை இந்தப் பயணத்திலிருந்து நீக்கவா? ஆம். இல்லை.

மணி இரண்டு நாற்பத்தாறு. மூன்று பேரும் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேள்வியை வங்கி கேட்டது, ஆம் என்றேன். ஓய்வூதிய அலுவலகம் கேட்டது. காப்பீடு கேட்டது. பல் மருத்துவர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டார். நூலகம் கேட்டது, சர்ச்சின் முகவரிப் புத்தகத்துக்காகப் போதகரின் மனைவி கண்ணில் தண்ணீரோடு கேட்டாள். எல்லோருக்கும் ஆம் என்றேன். ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையாக, தொந்தரவு கொடுக்காமல், உடனே ஆம் என்றேன். அவள் பெயர் இன்னும் உயிரோடு இருந்தது இந்த ஒரு பட்டியலில்தான்.

இல்லை என்பதை அழுத்தினேன்.

"சார், தப்பா அழுத்திட்டீங்க" என்றார் ராய்ஸ் டிட்மர்.

"இல்ல, சரியாத்தான் அழுத்தினேன்."

"அப்ப உங்களுக்கு இங்க இடமில்லையே. மூணு மணிக்கு அவங்க வராதவர். நீங்க யாருமே இல்ல."

"தெரியும் சார்."

அவர் கையேட்டைத் திறந்தார், மூடினார். நீக்க மறுக்கிறவனுக்கு அதில் அத்தியாயம் இல்லை என்று நினைக்கிறேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நீச்சல் பிரிவைத் தாண்டி, தண்ணீரை விட்டு எட்டியே நடந்து போனார்.

மூன்று மணிக்கு டானெட் மஞ்சள் அட்டையைக் கம்பத்திலிருந்து உருவினாள். கிழிக்க வேண்டும் என்பது விதி. அவள் திரும்பி நின்று கிழித்தாள். ஜெனீவா என்னோடு சேர்ந்து கூடாரத்தை மடித்தாள். கடைசி முளையைப் பிடுங்கிக் கொடுக்கும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. வண்டியைப் பார்க்கிறவன்போல் திரும்பிக்கொண்டேன்.

மூன்றே முக்காலுக்கு வாசலைத் தாண்டினேன். உள்ளே வரும் வரிசை நெடுஞ்சாலை வரை நின்றது. அதில் யாரோ ஒரு குடும்பம் முப்பத்தி நான்கைப் பிடித்திருக்கும். பிடிக்கட்டும். அரை மைல் போயிருப்பேன், பக்கத்து இருக்கையில் ரொட்டிப் பை மேல் கிடந்த லவோனின் போன் அதிர்ந்தது. சாலை ஓரம் வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். பூங்காத் துறையின் இயந்திரம் செய்தி அனுப்பியிருந்தது.

மார்ச்சிலிருந்து எனக்கு நூற்றுப் பன்னிரண்டு இரங்கல் அட்டைகள் வந்தன. நல்ல இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். காலம் ஆற்றும் என்றார்கள். நல்ல வாழ்க்கை வாழ்ந்தாள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி எழுதினேன். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. இப்போது அந்தத் துறையில் முகம் தெரியாத யாரோ, என்றைக்கோ, வராத எவனுக்கோ எழுதிவைத்த இரண்டு வரியைச் சாலையோரத்தில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன்.

லவோன், உங்களுக்காகக் காத்திருந்தோம். நீங்கள் வராதது எங்களுக்கு வருத்தம்.

எனக்கும்தான் என்று பதில் அனுப்பினேன்.